அக்டோபர் இருபத்தேழு என்ன பண்டிகை?

உஸ்தீன்யா பசார்கின் பொய் சொல்ல மாட்டாள். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பதினேழு வருடமாக அந்த நல்ல பேர் கெடாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அக்டோபர் இருபத்தேழு என்ன பண்டிகை என்று அவளை யாரும் கேட்காததுதான். பதினெட்டாம் வருடம் கேட்டுவிட்டார்கள்.

அவள் வேலை வருகைப் பதிவேடு. ஒரேகானில் வில்லமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பெர்ரித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற அரசுப் பள்ளி. முந்நூறு பிள்ளைகளில் ஐம்பத்தெட்டு பேர் ரஷ்யக் குடியிருப்பிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்; பழைய விசுவாசிகள் வீட்டுப் பிள்ளைகள். முந்நூறு வருடத்துக்கு முன்னால் மாஸ்கோவில் ஜெப முறையை மாற்றிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு கிளம்பிய கூட்டம் அது. சைபீரியா, சீனா, பிரேசில் என்று உலகத்தைச் சுற்றி ஒரேகானில் வந்து இறங்கியும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆண்கள் தாடியில் கத்தி படவிடுவதில்லை. கல்யாணமான பெண்கள் தலையில் குல்லாய் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. நாட்காட்டியும் பழையதுதான், ஊர் உலகத்துக்குப் பதின்மூன்று நாள் பின்னால் நடக்கும்.

அந்த நாட்காட்டியில் சிவப்பு மையில் அச்சானதெல்லாம் பண்டிகை. அன்று கோயிலுக்குப் போகலாம், வயிறு முட்டச் சாப்பிடலாம், வீட்டில் வடித்த பெர்ரி மது குடிக்கலாம், ஊர்வம்பு பேசலாம். வேலை மட்டும் கூடாது. களை பிடுங்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது, ஊசியில் நூல் கோக்கக் கூடாது. பள்ளிக்கூடமும் வேலைதான் என்பதால் அதுவும் கூடாது. பள்ளி நடக்கிற மாதங்களில் மட்டும் இப்படி முப்பத்தொரு நாள் வரும்.

பன்னிரண்டு வயதில் பிரேசிலிலிருந்து வந்து உஸ்தீன்யா சேர்ந்ததும் இதே பள்ளிதான். பதிவேட்டில் அனுமதியோடு போன விடுப்புக்கு நீலப் புள்ளி, அனுமதி இல்லாமல் போனதற்குச் சிவப்புப் புள்ளி. அவளுடைய அப்பாவுக்கு அனுமதி கேட்கிற அளவுக்கு ஆங்கிலமும் தெரியாது, கடவுளைக் கும்பிட எவனிடம் அனுமதி கேட்பது என்கிற வீம்பும் விடாது. வருடக் கடைசியில் அவள் பேருக்கு நேராக முப்பத்தொரு சிவப்புப் புள்ளி. கணக்கில் வகுப்பிலேயே முதல் மாணவி. இருந்தும் ஏழாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் உட்கார வைத்துவிட்டார்கள். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்த அந்த வருடத்தை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அதனால் 1977இல், ரஷ்ய மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று பள்ளி தேடியபோது, இரண்டு சின்னப் பையன்களைக் கணவன் சவ்வாத்தியிடம் விட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். மேசையில் உட்கார்ந்த முதல் வாரமே ஒரு பட்டியல் தயார் செய்தாள். இந்த இந்த தேதிகளில் எங்கள் பிள்ளைகளுக்குப் பண்டிகை, அன்று பஸ் வர வேண்டாம், பதிவேட்டில் நீலப் புள்ளி வைக்கலாம் என்று. தேதிகள் மட்டும்தான், பேரெல்லாம் யார் கேட்டார்கள்? மாவட்டக் கல்வி அதிகாரி படித்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்று அவள் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனாள்.

பழைய தேதியோடு பதின்மூன்றைக் கூட்டினால் புதுத் தேதி. கணக்கில் முதல் மாணவிக்கு இது ஒரு விஷயமா? போக்ரோவ் பண்டிகை, கன்னி மரியாள் தன் முக்காட்டை விரித்து உலகத்தைக் காக்கிற நாள், பழைய கணக்கில் அக்டோபர் ஒன்று. பதின்மூன்றைக் கூட்டிப் பதினான்கு என்று குறித்து வைத்தாள். குறித்ததை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பட்டியலில் ஏற்றும்போது சின்னப் பையன் அழுதான், எழுந்து போனாள், திரும்பி வந்து பதினான்கோடு இன்னொரு பதின்மூன்றைக் கூட்டினாள். பட்டியலில் இருபத்தேழு என்று ஏறிவிட்டது.

அந்த வருடம் பதினான்காம் தேதி ஊரே கோயிலில் நிற்கும்போது பஸ் வந்து ஹார்ன் அடித்தது. திங்கட்கிழமை ஓடிப்போய்ப் பதினான்கையும் பட்டியலில் சேர்த்தாள். இருபத்தேழை அடிக்க வேண்டுமென்றால் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு வந்து ஆறு வாரம் ஆகவில்லை, அதற்குள் கூட்டல் தெரியாதவள் என்று பேர் வாங்குவதா? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வாரம் இருபத்தேழாம் தேதியே வந்துவிட்டது. பஸ் வரவில்லை.

அன்றைக்குத்தான் ஊரில் அந்த அதிசயம் நடந்தது. சாதாரண நாளில் பிள்ளைகள் பள்ளியில், அப்பாக்கள் மரச்சாமான் தொழிற்சாலையில். சனிக்கிழமை நீராவிக் குளியலறையைச் சூடாக்கவும் ரொட்டி சுடவும் மாலை ஜெபத்துக்கு ஓடவுமே சரியாகப் போய்விடும். ஞாயிறும் பண்டிகையும் வேலை தொடக்கூடாத நாட்கள். குடும்பம் மொத்தமும் வீட்டில் இருந்து, வேலையும் செய்யலாம் என்கிற நாள் முந்நூற்று அறுபத்தைந்தில் ஒன்றுகூட இல்லை. இப்போது ஒன்று கிடைத்துவிட்டது. குளிர்காலத்துக்கு உப்பில் ஊறப்போடுகிற முட்டைக்கோஸ் முற்றி நிற்கிற சமயம் வேறு. அடுத்த வருடத்திலிருந்து அப்பாக்களும் தொழிற்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டார்கள். வாசலெல்லாம் கோஸ் குவியல், சீவுபலகைச் சத்தம், உப்பு, கேரட், பீப்பாய். கோஸின் நடுத்தண்டுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். மழை பெய்தால் கொட்டகையில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வெட்டுவார்கள். அந்தத் தேதி சனி ஞாயிறில் விழுந்த வருடங்களில் ஊர் முகம் தொங்கிப்போய்விடும்.

இதையெல்லாம் உஸ்தீன்யா கேள்விப்பட்டதோடு சரி. அவள் அந்த நாளில் விடுப்பு எடுத்ததே இல்லை. எடுத்தால் பொய்யில் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுமே. ஊரில் கேட்டால், "ஆபீஸ்ல வேலை கெடக்கு" என்பாள். பள்ளியில் கேட்டால், "எனக்கு அது அவ்வளவு முக்கியமான பண்டிகை இல்ல" என்பாள். இரண்டும் சத்தியமான உண்மை. அமெரிக்கர்கள் அதை ரஷ்யர்களின் பண்டிகை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரஷ்யர்கள் அதை அமெரிக்கர்களின் ஏதோ ஒரு விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் ஒருத்திதான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் ஒரு வாளி நிறைய, உப்புப் போட்டுப் பிசைந்த கோஸ் இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது. அக்கம்பக்கத்துப் பாசம் என்று எடுத்துக்கொள்வாள்.

1994 செப்டம்பரில் புதுத் தலைமையாசிரியர் வந்தார். லைல் பிராண்ட்வோல்ட், முப்பத்து நான்கு வயது, நல்ல மனிதர். ஒரே குறை, எதைக் கண்டாலும் படித்துப் பார்ப்பார். வந்த மூன்றாம் நாள், அலுவலக அலமாரியில் இருந்த உஸ்தீன்யாவின் கோப்பையில் காபி குடித்துவிட்டார். பிற மதத்தார் வாய் வைத்த பாத்திரத்தில் அவர்கள் குடிக்கமாட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கோப்பையை அவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டாள். மனிதர் நெகிழ்ந்துபோய் தினமும் அதிலேயே குடித்தார். அக்டோபர் முதல் வாரம் அதே கோப்பையோடு அவள் மேசைக்கு வந்தார்.

"மிஸஸ் பசார்கின், இந்தப் பண்டிகைப் பட்டியல்ல தேதி மட்டுந்தான் இருக்கு. மாவட்டத்துல புது விதி. ஒவ்வொரு நாளுக்கும் அது என்ன பண்டிகைன்னு ஒரு வரி எழுதிக் கொடுக்கணும். உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை."

"எல்லா நாளுக்குமா?"

"எல்லா நாளுக்கும். எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான்."

முப்பத்திரண்டு வரி. முப்பத்தொன்றை ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். முப்பத்திரண்டாவதில் பேனா நின்றது. நான்கு நாள் நின்றது.

வழி இல்லாமல் இல்லை. பழைய நாட்காட்டியில் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் யாராவது ஒரு புனிதர் உண்டு. இருபத்தேழுக்கும் பரஸ்கேவா என்றொரு புனிதவதி இருந்தாள். கறுப்பு மையில், சின்ன எழுத்தில், வேலை செய்யலாம் என்கிற வகையில். அவள் பேரை எழுதிவிட்டால் பிராண்ட்வோல்ட் என்ன கண்டார்? ஆனால் கறுப்பைச் சிவப்பு என்று சொல்வது, அதுவும் ஒரு புனிதவதியைச் சாட்சிக்கு இழுத்துவிட்டு! நினைக்கும்போதே உஸ்தீன்யாவுக்குக் காது சுட்டது. உண்மையை எழுதினாலோ வேலை போகும், பேர் போகும், ஊருக்கு இருக்கிற அந்த ஒரே நாளும் போகும். சொந்த ஊர்க்காரியே பறித்துவிட்டாள் என்பார்கள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை யெவ்லாம்பியைத் தேடிப் போனாள். குருமார் இல்லாத கோயில் அது. ஜெபத்தை முன்னின்று நடத்துவதும் பாவத்தைக் கேட்டுத் தண்டனை சொல்வதும் யெவ்லாம்பிதான். வீட்டுக்குப் பின்னால் கோஸ் பீப்பாய்களில் தண்ணீர் ஊற்றி மரத்தை ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு பாவம் சொல்லணும்."

"சொல்லேன். அதுக்கு முன்னாடி அந்த வாளியை இப்படித் தள்ளு."

"பள்ளிக்கூடத்துல... இருபத்தேழாம் தேதி இருக்கில்ல..."

"அடடா, இது ஒழுகுது பாரு!" என்று அவர் பீப்பாய்க்குள் தலையை விட்டார்.

"மாமா, நான் சொல்றதக் கேளுங்க."

"கேட்டா நான் தண்டனை சொல்லணும்மா. முந்நூறு தடவை தரையில விழுந்து எழுந்திரின்னு சொல்லுவேன். நீ கோயில்ல விழுந்து விழுந்து எழுந்திரிப்ப. பொம்பளைங்க எல்லாம் என்னாச்சு ஏதாச்சுன்னு மென்னு தின்னுடுவாளுக. இது தேவையா?"

"பதினேழு வருஷமா நெஞ்சுல அடைச்சுக்கிட்டு இருக்கு மாமா."

தலை பீப்பாயிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. தாடியில் தண்ணீர் சொட்டியது. "தப்பு எங்க நடந்தது? கோயில் தாள்லயா, பள்ளிக்கூடத்துத் தாள்லயா?"

"பள்ளிக்கூடத்துத் தாள்ல."

"அப்ப பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லு. இங்க வந்து என் பீப்பாயை ஏன் ஒழுக விடுற?"

மனிதருக்குப் பீப்பாய் மேல்தான் கண் என்று நொந்துகொண்டு வந்தாள். ஆனால் திங்கட்கிழமை காலை அந்த முப்பத்திரண்டாவது வரியை எழுதினாள்.

பிராண்ட்வோல்ட் படிக்கத் தொடங்கினார். கிறிஸ்து பிறப்பு, ஞானஸ்நானம், போக்ரோவ் என்று விரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. "அக்டோபர் 27. இது பண்டிகை அல்ல. நான் செய்த கூட்டல் பிழை. பதின்மூன்றை இரண்டு முறை கூட்டிவிட்டேன். உ. பசார்கின்."

"பதினேழு வருஷமாவா?"

"சனி ஞாயித்துல விழுந்ததைக் கழிச்சா பன்னெண்டு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபிறகு அவர் முகம் மாறியது. "இதை நீங்க எழுதாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. உங்க வேலை எங்கயும் போகாது. ஆனா எழுதினதைப் படிச்சுட்டேன். இந்த நாளை நான் அடிச்சுத்தான் ஆகணும்."

"தெரியும்."

அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு போட்டார். இருபத்தேழாம் தேதி பஸ் வரும் என்று ரஷ்ய மொழியில் அறிவிப்பு எழுத வேண்டிய வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. ஐம்பத்தெட்டு தாள், ஐம்பத்தெட்டு புத்தகப்பை.

திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் திட்டவில்லை. கடையில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சவ்வாத்தியிடம் சொன்னாள். அவன் "ம்" என்று ஒரே எழுத்தில் முடித்துவிட்டு, கொட்டகைக்குப் போய்க் கத்தி தீட்ட உட்கார்ந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு அழுகை வந்தது.

இருபத்தேழு வியாழக்கிழமை. மழை. ஏழே முக்காலுக்குப் பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கிளென் தனியாக இறங்கி, கையில் ஒரு பெரிய முட்டைக்கோஸோடு அலுவலகத்துக்குள் வந்தார்.

"எங்க பிள்ளைங்க?" என்றாள் உஸ்தீன்யா.

"ஒருத்தர்கூட ஏறல. ஹார்ன் அடிச்சா எல்லாரும் கையாட்டுறாங்க. வாசல்ல எல்லாம் மலை மாதிரி இது குவிஞ்சு கெடக்கு. ஒரு தாடிக்காரர் என் கையில ஒண்ணைக் குடுத்துட்டு, போய்ட்டு வான்னுட்டாரு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, தொலைபேசி அடித்தது. ஃபெதோஸ்யா. அவள் மகள் வார்காவுக்கு உஸ்தீன்யாதான் ஞானத்தாய். அந்த உறவில் ஒருவரையொருவர் கூமா என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

"கூமா, எங்க வார்கா இன்னைக்கு வரமாட்டா. எழுதிக்க."

"காரணம் என்னடி எழுதறது? காய்ச்சலா?"

"ஏன், பண்டிகை நாளும் அதுவுமா என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? உஸ்தீன்யா நாள்னு எழுது."

"என்ன நாள்?"

"உஸ்தீன்யா நாள். ஊரே அப்படித்தான சொல்லுது, உனக்குத் தெரியாதாக்கும்!"

"கேலி பண்ணாத, ஃபெதோஸ்யா. நானே நொந்துபோய் உக்காந்திருக்கேன்."

"யாரு கேலி பண்றா? முதல் வருஷம் எனக்குப் பதினோரு வயசு. மறுநாள் வகுப்புக்கு வந்தா, நேத்து பள்ளிக்கூடம் நடந்துச்சே, உங்களுக்கு என்ன பண்டிகைன்னு அமெரிக்கப் பசங்க கேக்கிறாங்க. எங்களுக்குத் தெரியாதா அது பண்டிகை இல்லன்னு? வீட்டுல போய்ச் சொன்னேன். எங்கம்மா என் வாயைப் பொத்தி, 'மூச்சு விட்ட, தொலைச்சிருவேன். பாவம், புதுசா வேலைக்குப் போன பொண்ணு'ன்னாங்க. எல்லா வீட்டுலயும் இதே கதைதான்."

"எல்லாருக்கும் தெரியுமா? சவ்வாத்திக்குமா?"

"ஊருக்கெல்லாம் கத்தி தீட்டிக் குடுக்கிறதே அவருதான். உன் வாசல்ல வாளி வைக்கிறது மட்டும் என் முறை."

"அனுமதி இல்லடி. நான் சிவப்புப் புள்ளிதான் வைக்கணும்."

"தாராளமா வை. எங்க வார்காவுக்கு நல்லா பெருசா வை!"

அதன்பிறகு தொலைபேசி ஓயவில்லை. ரெவுதோவ் வீட்டில் நான்கு பிள்ளைகள், மார்துஷேவ் வீட்டில் ஆறு. ஒருவர்கூட வயிற்றுவலி என்று சொல்லவில்லை. காரணம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில். ஒன்பதரைக்கு யெவ்லாம்பியே கூப்பிட்டார்.

"மாமா, உங்க வீட்டுல பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரும் இல்லையே?"

"இல்லதான். வேற ஒருத்தர் வராததைப் பத்திப் புகார் சொல்லக் கூப்பிட்டேன். ஊர்ல எல்லாரும் வந்தாச்சு, பண்டிகைக்காரியை மட்டும் காணோம். அவ எங்க இருக்கா?"

"ஆபீஸ்ல இருக்கா மாமா" என்றாள்.

"பீப்பாய் ஒழுகல. சீக்கிரம் வா."

பதிவேட்டைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஏழாம் வகுப்பிலிருந்து அவளுக்குப் பிடிக்காத பேனா. ஒவ்வொரு பேருக்கு நேராகவும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள், ஒன்றையும் விடவில்லை. ஐம்பத்தெட்டையும் வைத்து முடித்துப் பார்த்தபோது, அந்தத் தேதிக்குக் கீழே அவர்கள் பக்கம் மேலிருந்து அடிவரை சிவப்பாக இருந்தது, கோயில் நாட்காட்டியில் இருப்பதுபோல.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஊழியர் விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்து எழுதி, பிராண்ட்வோல்டின் மேசையில் வைத்தாள். காரணம் என்ற இடத்தில் "பண்டிகை" என்று இருந்தது.

அவர் படித்தார். கிளென் கொண்டுவந்து ஓரத்தில் வைத்திருந்த முட்டைக்கோஸைப் பார்த்தார். "இந்த நாளை நாம அடிச்சுட்டோமே, மிஸஸ் பசார்கின்."

"பிள்ளைங்களுக்கு அடிச்சாச்சு. எல்லாருக்கும் சிவப்பு வெச்சுட்டேன், சரிபாத்துக்கோங்க. எனக்கும் அனுமதி இல்லேன்னா, என் பேருக்கும் ஒண்ணு வெச்சுருங்க."

அவர் பேனாவைத் தேடினார். கையில் கிடைத்தது நீலம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "மீதி இருந்தா ஒரு டப்பால எனக்கும் கொண்டாங்க" என்றார்.

மழையில் நனைந்துகொண்டே அவள் குடியிருப்புக்குள் நுழைந்தபோது கொட்டகையில் பாட்டு நின்றது. சீவுபலகைகள் நின்றன. சவ்வாத்தி தலையைக் குனிந்துகொண்டு கத்தியைத் துடைத்தான். வார்கா ஓடிவந்து, தான் கடித்துப் பாதி தின்றிருந்த கோஸ் தண்டை நீட்டினாள். உஸ்தீன்யா குல்லாயிலிருந்து தண்ணீர் வடிய நின்றாள்.

ஃபெதோஸ்யா இடுப்பில் கையை வைத்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்கம்மா, பதிவேட்டுக்காரம்மா. பன்னெண்டு தடவை கோஸ் வெட்டியிருக்கோம், பன்னெண்டு தடவையும் டிமிக்கி குடுத்தவ நீ ஒருத்திதான். இந்தா, பிடி கத்தியை."